அடுப்பின்றிச் செய்யும் பண்டிகைப் பலகாரம்

(சங்கத்தின் இளைஞர் பகுதியினரும் மாதர் பகுதியினரும் கூட்டிய விடுமுறைக்காலக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை ஒருவர் செய்முறையோடு ஆற்றிய உரை)



இச்சங்க மேடையிலே சமயச் சொற்பொழிவுகள் பல நிகழ்ந்துள்ளன. பண்ணிசையும் பட்டிமன்றமும் நிகழ்ந்துள்ளன. இன்று ஒரு மேசையும், இரண்டு பாத்திரமும், ஒரு வெந்நீர்க் கேத்தலும் வைத்துக்கொண்டு ஒரு கிழவி நிற்கிறாளே என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். பலகாரம் செய்வதைப் பற்றியா பேச்சு என்று ஒருவர் வாசலில் கேட்டதும் என் காதில் விழுந்தது. ஆம் ஐயா, பலகாரத்தைப் பற்றித்தான். அதுவும் சொக்கலேற்றில் தோய்த்தெடுக்கும் பலகாரத்தைப் பற்றி. சற்றே பொறுமையோடு கேட்டருள வேண்டும்.

இதைக் கேட்டவர்கள் நம் இளைஞர்கள்தாம். வரும் பண்டிகைக்கு வயோதிபர் இருக்கும் வீடுகளுக்கும், ஆண்துணையின்றிப் பிள்ளை வளர்க்கும் தாய்மாரின் வீடுகளுக்கும் தித்திப்புப் பொதி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். “ரீச்சர், முறுக்குப் பிழிய எங்களுக்குத் தெரியாது, அரியதரம் சுடவும் தெரியாது, அடுப்பில்லாமல் ஏதும் சொல்லித் தாருங்கள்” என்று வந்து நின்றார்கள். வந்த ஐவரில் நால்வர் ஆண்பிள்ளைகள். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் உடன்பட்டேன். காரணத்தைச் சொல்லுகிறேன்.

எனக்குப் பதினொரு வயது. தீபாவளிக்கு முதல் நாள் இரவு. எங்கள் வீட்டுக் குசினி ஓலைக் குசினி. வெளியே ஐப்பசி மழை. உள்ளே ஈர விறகின் புகை. அம்மா அரியதரத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தா. பாகு கம்பிப்பதம் வரும் வேளையிலே சட்டி சரிந்தது. கொதித்த பாகு இடக்கை மணிக்கட்டிலும் விரல்களிலும் விழுந்து அப்படியே ஒட்டிக்கொண்டது. கொதிநீர் பட்டால் வழிந்துவிடும், பாகு வழியாது. அது நீரைவிடச் சூடு கூடியதுமாகும், தோலோடு பற்றிக்கொண்டு நின்று சுடுவதுமாகும். அயல்வீட்டார் ஓடி வந்து தேங்காயெண்ணெய் பூசினார்கள். அது பிழையான வைத்தியம் என்பதைப் பின்னாளில் மனையியல் படிக்கப் போன இடத்தில்தான் அறிந்தேன். சுட்ட இடத்தைக் குளிர்ந்த ஓடும் நீரிலே இருபது நிமிடம் பிடித்திருக்க வேண்டும். எண்ணெயும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். தாய்மார்களே, இன்றைய பேச்சில் வேறெதை மறந்தாலும் இதை மறவாதீர்கள்.

மறுநாள் காலை எல்லோரும் தலைக்கு எண்ணெய் வைத்து முழுகிப் புத்தாடை உடுத்தினோம். அம்மா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு தட்டுத் தட்டாகப் பலகாரம் பரிமாறினா. அப்பாவும் மாமாமாரும் விறாந்தையில் இருந்து, இம்முறை அரியதரம் கொஞ்சம் கடினம் என்று பேசிக்கொண்டார்கள். அவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். குசினிக்குள்ளே என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. அந்தக் கையின் சின்னவிரல் கடைசிவரை நிமிரவேயில்லை.

ஆகவே நாலு ஆண்பிள்ளைகள் வந்து, பலகாரம் செய்யப் பழக்குங்கள் என்று கேட்டபோது, சொக்கலேற்றாவது வேறெதாவது, வாருங்கள் என்றேன்.

இன்னொன்றும் உண்டு. 2022ஆம் ஆண்டை நாம் எளிதில் மறக்க முடியாது. மார்ச்சு மாத முடிவிலே ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. எரிவாயுச் சிலிண்டரை வரிசையில் வைத்துவிட்டு விடியவிடியக் காவலிருந்தோம். பால்மாவுக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை. அந்த நிலையிலே சித்திரை வருடப்பிறப்பு வந்தது. கல்லடியிலும் புளியந்தீவிலும் ஒட்டியொட்டி இருக்கும் வீடுகளில் விறகடுப்பு வைக்க இடமேது? படுவான்கரையில் உள்ளவர்களுக்கு விறகாவது கிடைத்தது. அந்த வருடம் என் பேரப்பிள்ளைகளுக்கு நான் செய்து கொடுத்தது பேரீச்சம்பழமும் வறுத்த கச்சானும் இடித்துப் பிடித்த உருண்டை. அடுப்பில் ஏற்றவே இல்லை. வறுத்த கச்சான் கடையில் வாங்கியது. பிள்ளைகள் அதைப் பண்டிகைப் பலகாரமாகவே ஏற்றுக்கொண்டார்கள். இன்று நான் காட்டப்போவதும் அந்த உருண்டைதான். மேலே ஒரு சட்டை போட்டிருக்கிறது, அவ்வளவே.

சொக்கலேற் நம்முடையதல்லவே, பண்டிகை நாளில் அந்நியப் பண்டம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் முறுக்கிலே போடும் செத்தல் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. கச்சான் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. நம் மாவட்டத்து மணலிலே நன்றாய்க் காய்க்கும் மரமுந்திரிகை பிரேசில் நாட்டுக்குரியது; போர்த்துக்கேயர் கொண்டுவந்தது. கொக்கோ மரமும் அதே கண்டத்ததுதான். அங்கே மாயா மக்களும் அஸ்தெக் மக்களும் கொக்கோ விதையை அரைத்து, சீனியில்லாமல், சில வேளை மிளகாயும் சேர்த்துக் கசப்பாகவே குடித்தார்கள். தாவரங்களுக்குப் பெயர் வகுத்த லின்னேயசு என்ற சுவீடன் அறிஞர் 1753இல் இம்மரத்துக்கு இட்ட பெயரின் பொருள் ‘தெய்வங்களின் உணவு’ என்பதாம். 1828இலே ஒல்லாந்தில் வான் ஹூட்டன் என்பார் விதையிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். 1847இலே இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறை என்னும் கம்பனியார் கடித்துத் தின்னும் கட்டியாக வார்த்தார்கள். 1875இலே சுவிற்சர்லாந்தில் டானியேல் பீற்றர் பாலைச் சேர்த்தார். நமது நாட்டிலும் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் மிளகுக்கும் தென்னைக்கும் இடையே கொக்கோ காய்க்கிறது. கண்டோஸ், எட்னா, றிற்ஸ்பறி என்று நம் கடைகளில் விற்பவை இலங்கைத் தயாரிப்புக்களே. வீட்டுக்குள் எப்போதோ வந்துவிட்ட பண்டத்தை வாசலில் நிறுத்தி விசாரிப்பதிலே பயனில்லை.

இனிக் காரியத்துக்கு வருவோம். இதில்தான் பிள்ளைகள் கவனமாய் இருக்க வேண்டும். கைப்பேசியில் பார்த்த செய்முறையெல்லாம் நமது ஊரில் பிழைத்துப்போவது இந்த இடத்திலேதான்.

சொக்கலேற்றின் உயிர் கொக்கோ வெண்ணெய். அது ஏறத்தாழ 34 பாகை சென்ரிகிறேட்டிலே உருகும். நமது உடற்சூடு 37 பாகை. ஆதலினால்தான் வாயிலிட்டதும் கரைகிறது, கையிலும் கரைகிறது. குளிர்நாட்டில் இது பெருஞ்சிறப்பு. ஆனி ஆடியிலே மேற்கு மலைகளைத் தாண்டி வரண்டு வீசும் நம்முடைய கச்சான் காற்றுக் காலத்திலோ பெருந்தொல்லை. அப்போது மத்தியான வெப்பம் 35 பாகையைத் தாண்டும். சொக்கலேற்றைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவதே ஒரு சாதனை. சென்ற வருடம் வேனிற்காலத்து விளையாட்டு விழா ஒன்றுக்குப் பிள்ளைகள் இருநூறு உருண்டை செய்து அட்டைப்பெட்டியில் அடுக்கி மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். திறந்து பார்த்தபோது உருண்டையைக் காணோம்; கடதாசியோடு சேர்ந்து ஒரே பலகையாய் இருந்தது. அன்று கரண்டியால் கிண்டித் தின்றவர்கள் சிலர் இங்கேயும் இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டேன்.

கொக்கோ வெண்ணெய்க்கு இன்னொரு குணம் உண்டு. அது உறையும்போது ஆறுவிதமான பளிங்குகளாய் உறையக்கூடியது. அவற்றிலே ஒருவிதம் மாத்திரந்தான் நமக்கு வேண்டியது. அதுவே பளபளப்பாயும், ஒடித்தால் ‘டக்’ என்று ஒடிவதாயும், கையில் இலகுவில் ஒட்டாததாயும் இருக்கும். சும்மா உருக்கி ஆறவிட்டால் மற்ற விதங்களும் கலந்து, மங்கலாயும் குழைவாயும் போய், சில நாளில் சாம்பல் பூத்தாற்போல் வெண்மை படரும். பூஞ்சணம் என்று நினைத்து வீசிவிடாதீர்கள். கொழுப்பு மேலே வந்து படிந்ததுதான், தின்னலாம், அழகில்லை.

சரியான பளிங்கை உண்டாக்கும் முறை இது. கறுப்புச் சொக்கலேற் 300 கிராம் எடுத்துச் சிறிதாய் நறுக்கி, 200 கிராமை வெந்நீரின் மேல் வைத்த கிண்ணத்தில் உருக்க வேண்டும். 45 பாகை போதும். கிண்ணத்தை இறக்கி, மீதி 100 கிராமைச் சிறிது சிறிதாய்ச் சேர்த்துக் கிளறிக்கொண்டே இருக்க, சூடு இறங்கி 31, 32 பாகைக்கு வரும். உருகாதிருந்த அந்த நூறு கிராமிலே நல்ல பளிங்கு இருக்கிறது. அது உறையூற்றிய மோர் பாலைத் தயிராக்குவதுபோல் முழுவதையும் தன்வழிக்குக் கொண்டுவரும். பாற்சொக்கலேற்றானால் 29, 30 பாகை. ஒரு கத்திநுனியில் தொட்டு வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் பளபளவென்று இறுகினால் சரி.

பிள்ளைகளே, இப்போது கணக்கைப் பாருங்கள். சொக்கலேற் 31 பாகைக்கு இறங்க வேண்டும். வைகாசி மத்தியானத்தில் நமது குசினியே 32 பாகை! குசினியைவிடக் குளிராக அது எப்படி இறங்கும்? இறங்காது. இதனால்தான் எத்தனை திறமையாய்ச் செய்தாலும் அந்தக் காலத்தில் சரிவருவதில்லை. கையில் பிழையில்லை, நேரத்தில் பிழை. மார்கழி விடியற்காலையில் நம் பக்கம் 24 பாகைக்கு அண்மையில் இருக்கும். திருவெம்பாவைக்கு எழும்புகிறவர்கள் கோயிலால் வந்த கையோடு செய்யலாம். வெயில் ஏறுமுன் வேலை முடிந்துவிடும். தீபாவளிக்கு மாரி தொடங்கியிருக்கும். அப்போதும் காலையே நல்லது. சித்திரைப் பண்டிகைக்கு உண்மைச் சொக்கலேற்றை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

அதற்கு வேறொன்று உண்டு. வெதுப்பகக்காரர் பாவிக்கும் கட்டிச் சொக்கலேற்; கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பனைவிதை எண்ணெய் முதலிய தாவரக் கொழுப்பை இறுகச்செய்து சேர்த்தது. பளிங்குத் தொந்தரவு அதற்கில்லை. உருக்கித் தோய்த்துவிட்டால் தானே உறையும், வெயிலையும் சற்றுத் தாங்கும், விலையும் குறைவு. சுவையிலே ஒருபடி கீழ். மேலண்ணத்தில் மெழுகு ஒட்டினாற்போல் இருக்கும். பைக்கற்றின் பின்புறத்தை வாசியுங்கள்: ‘கொக்கோ வெண்ணெய்’ என்றிருந்தால் அது ஒருவகை, ‘தாவரக் கொழுப்பு’ என்றிருந்தால் இது. இரண்டையும் ஒன்றாய் உருக்கவேண்டாம். ஒன்றோடொன்று பொருந்தாமல் குழைந்து போகும்.

வெளிநாட்டுச் செய்முறைகளில் ‘ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் சேருங்கள், நன்றாய் உறையும்’ என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் ஊரிலே தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் நெய்போல் உறைந்திருக்கும். நம்முடைய வீட்டுப் போத்தலில் என்றைக்காவது உறைந்து பார்த்தீர்களா? அது 24 பாகையளவிலேயே உருகிவிடும். அதைச் சொக்கலேற்றில் ஊற்றினால் சொக்கலேற் இன்னும் இளகுமே தவிர இறுகாது. தேங்காயின் தேசத்திலே இருந்துகொண்டு இதற்கு நாம் ஏமாறலாமா?

தண்ணீர் பரம விரோதி. உருகிய சொக்கலேற்றிலே ஒரு துளி நீர் விழுந்தால், உள்ளிருக்கும் சீனி ஈரத்தைப் பற்றிக்கொண்டு, முழுவதும் மணல்போல் திரண்டு கட்டியாகிவிடும். கிண்ணமும் அகப்பையும் நன்றாய் உலர்ந்திருக்க வேண்டும். வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வைக்காதீர்கள். ஆவி மேலே வந்து கிண்ணத்துள் விழும். அடுப்பை அணைத்து இறக்கிய வெந்நீரே போதும். இதோ இந்தக் கேத்தல் நீரைப் போல. அப்படியும் திரண்டுவிட்டால் வீசவேண்டாம். கொஞ்சம் சுடுபாலை விட்டுக் கடைந்தால் குழம்பாகும். பிஸ்கற்றுக்கு நடுவில் பூசலாம், பாலிலும் கரைக்கலாம். தோய்ப்பதற்கு மட்டும் உதவாது.

இனி உருண்டை. கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் கால் கிலோ, வறுத்துத் தோல் நீக்கிய கச்சான் 100 கிராம், வறுத்த எள்ளு இரண்டு மேசைக்கரண்டி, ஏலக்காய் நாலைந்து, உப்பு ஒரு சிட்டிகை. கச்சானை உரலில் இட்டு ஒன்றிரண்டாய் இடியுங்கள். மாவாக வேண்டாம், பல்லில் அகப்பட வேண்டும். பேரீச்சம்பழத்தைப் பிசைந்து, எல்லாம் சேர்த்துப் பிடித்தால் நெல்லிக்காயளவில் இருபத்தைந்து உருண்டை வரும். பழம் காய்ந்து கடினமாயிருந்தால் வெந்நீரில் ஊறவைக்காதீர்கள்; முன் சொன்ன விரோதி உள்ளே வந்துவிடுவான். ஆவியில் இரண்டு நிமிடம் காட்டித் துணியால் ஒற்றி எடுத்தாற் போதும். வசதியுள்ளவர்கள் கச்சானுக்குப் பதில் மரமுந்திரிகைப் பருப்பு இடலாம். எனக்கென்னவோ கச்சான்தான் பிடிக்கும். இதற்கு மேற்பூச்சுக்குச் சொக்கலேற் 200 கிராம் செல்லும்; ஆழமாய்த் தோய்க்க இடம் வேண்டுமென்பதால் 300 கிராம் உருக்கச் சொன்னேன். மீதியில் அரிசிப்பொரியைப் போட்டுப் புரட்டிச் சிறு சிறு குவியலாய் வைத்தால் அதுவும் ஒரு பண்டம். சிறுவர்கள் முதலில் எடுப்பது அதைத்தான். மாரிகாலத்தில் பொரி நமத்திருக்கும். வெறுஞ்சட்டியில் ஒரு புரட்டுப் புரட்டி, ஆறவிட்டுச் சேருங்கள்.

பேரீச்சம்பழம் கிடையாத வேளையில் மரி பிஸ்கற் இருக்கிறது. 1874இலே ரஷ்ய இளவரசி மரியா அலெக்சாந்திரோவ்னா, விக்டோரியா மகாராணியின் மகனை மணமுடித்ததை முன்னிட்டு இலண்டனில் ஒரு கம்பனியார் செய்து பெயரிட்ட பிஸ்கற் அது. இன்று நமது தேநீர்க்கடைத் தகரப் பேணிக்குள்ளே வாழ்கிறது. இதை 200 கிராம் நொறுக்கி, கொக்கோத் தூள் மூன்று மேசைக்கரண்டி, உலர்ந்த தேங்காய்த் துருவல் 50 கிராம், ரின்பால் அரைப் பேணி, அதாவது 200 கிராம் அளவு, சேர்த்துப் பிசைந்தால் முப்பது உருண்டை. துருவல் உலர்ந்ததாகவே இருக்கட்டும். பச்சைத் தேங்காய்ப்பூ நம் வெக்கையில் மறுநாளே புளித்துப்போகும். ஒரு வீட்டுப் பிள்ளைக்கு வயிற்றுக்குத்து வந்தால் பண்டிகை முழுவதும் பாழ். பேரீச்சம்பழ உருண்டை நிழலான குளிர்ந்த இடத்தில் இரண்டு கிழமை இருக்கும். ரின்பால் உருண்டையை ஒரு கிழமைக்குள், அதுவும் குளிர்ப்பெட்டியில் வைத்து, முடித்துவிடுங்கள்.

சிங்களவர் தமிழர் முஸ்லிம்கள் பறங்கியர் என்ற பேதமில்லாமல் இந்நாட்டுக் கலியாண வீட்டு மேசையெல்லாம் ஏறியிருக்கும் சொக்கலேற் பிஸ்கற் புடிங்கைப் பற்றியும் கேட்டார்கள். மரி பிஸ்கற்றைப் பாலில் நனைத்து அடுக்கி, பட்டரும் சீனித்தூளும் கொக்கோவும் அடித்த கலவையை இடையிடையே பூசி, குளிரவைப்பது. வெதுப்ப வேண்டாம். நல்ல பண்டம்தான். ஆனால் சிலர் அக்கலவையில் பச்சை முட்டை அடித்துச் சேர்க்கிறார்கள். பண்டிகை நாளில் மரக்கறி உணவு கொள்ளும் வீட்டுக்கு அது ஆகாது. யாருக்குமே பச்சை முட்டை நல்லதன்று. முட்டையில்லாமலே அது நன்றாய் வரும். அதைப் பொதியாய்க் கட்டிக் கொண்டுபோகவும் முடியாது. ஆகையால் இன்று விட்டுவிடுகிறேன்.

மரக்கறி பற்றிப் பேசுகையில் இன்னொன்று. சொக்கலேற்றிலே பெரும்பாலும் பாலும் சோயா சேர்க்கையுமே இருக்கும், அதிலே குற்றமில்லை. பஞ்சு மிட்டாய்போல மெத்தென்றிருக்கும் மாஷ்மலோவைத் தோய்க்கலாமா என்று ஒரு தங்கச்சி கேட்டாள். அதிலே ஜெலற்றின் இருக்கிறது. மாட்டின் அல்லது பன்றியின் தோலும் எலும்பும் காய்ச்சி எடுப்பது அது. சைவ வீட்டுக்கும் ஆகாது, காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் உள்ள நம் நண்பர்கள் வீட்டுக்கும் ஆகாது. நாம் தீபாவளிக்குத் தட்டு அனுப்புகிறோம்; அவர்கள் பெருநாளுக்கு வட்டிலப்பம் அனுப்புகிறார்கள்; நத்தாருக்குப் பறங்கிக் குடும்பங்களிலிருந்து கேக் வருகிறது. எல்லா வீட்டிலும் கையெடுத்துத் தின்னக் கூடியதாய்ச் செய்வதுதான் மரியாதை. உறையவைக்க வேண்டுமானால் கடற்பாசி இருக்கிறது. றம் எசென்ஸும் வேண்டாம்.

பொதியிலே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டுங்கள். கச்சான் சிலருக்கு ஒவ்வாது, மூச்சையே அடைக்கும். சின்னக் குழந்தைகளுக்கு முழுப் பருப்பு கொடுக்கக் கூடாது, தொண்டையில் சிக்கும். வீட்டு நாய்க்குச் சொக்கலேற் போடாதீர்கள். நமக்கு இனிப்பது அதற்கு நஞ்சு.

வயோதிபர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, நானும் அவர்களில் ஒருத்தி. எனக்குச் சலரோகம் வந்து பதினாறு வருடம். ‘பேரீச்சம்பழம்தானே ரீச்சர், சீனி இல்லையே’ என்று பிள்ளைகள் சொல்லுகிறார்கள். அந்தப் பழத்தில் பாதிக்கு மேல் சீனியேதான். பழத்தின் சீனி என்பதால் இரத்தம் அதற்குச் சலுகை காட்டாது. வயோதிபர் வீட்டுப் பொதியில் பன்னிரண்டு உருண்டை வைத்துவிட்டு வருவது அன்பாகாது. இரண்டு வையுங்கள், கறுப்புச் சொக்கலேற்றில் தோய்த்தது, சிறிதாய் உருட்டியது. வைத்துவிட்டு ஓடிவராமல் அரைமணி நேரம் இருந்து பேசுங்கள். மண்முனைத் துறையிலே பாதைக்குக் காத்திருந்து வாவியைக் கடந்த காலத்தில் ஒரு வீட்டுக்குப் போய்வர ஒரு நாள் செல்லும். 2014இல் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய்வருவது பெரிய காரியமில்லை. நேரமில்லை என்று சொல்ல வேண்டாம்.

கொண்டுபோகும் வகை: குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த உடனே திறந்து வைத்தால், நம் காற்றின் ஈரம் அதன்மேல் வியர்வைபோல் படிந்து, சீனியைக் கரைத்து, உலர்ந்தபின் வெள்ளைத் தடிப்பாய் நிற்கும். மூடிய பேணியோடு வெளியே எடுத்து, பேணி அறைச் சூட்டுக்கு வந்தபின்பே திறக்க வேண்டும். ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு கடதாசிக் குல்லா. மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கிமேல் வைத்துக்கொண்டு போகாதீர்கள். சிரிக்கிறீர்கள், அப்படியும் நடந்திருக்கிறது.

எள்ளுருண்டையையும் பயற்றம் பணியாரத்தையும் கைவிடச் சொல்லுகிறாயா என்று என் வயதுத் தோழி ஒருத்தி நேற்றுக் கேட்டாள். இல்லை. எள்ளுருண்டையைச் சொக்கலேற்றில் தோய்த்தும் பார்த்தேன். எள்ளும் கொக்கோவும் நன்றாய்ச் சேருகின்றன, சர்க்கரைப் பாகு மட்டும் சண்டை பிடிக்கிறது. பயற்றம் பணியாரத்தைத் தோய்த்தது என் பேரன். அதைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது. அவை அவையாகவே இருக்கட்டும். ஆனால் அவற்றைச் செய்யும் கைகள் குறைந்துகொண்டே போகின்றன. இன்று இந்த மேசையடியில் நிற்கும் பிள்ளைகள் உருட்டவும், பதம் பார்க்கவும், பொறுமையாய்க் கிளறவும் பழகிவிட்டால், தைப்பொங்கலுக்குப் பிறகு பாகுப்பதம் சொல்லித் தருகிறேன். பெரியவர்கள் மேற்பார்வையில், நீளக் கைப்பிடிச் சட்டியில், பக்கத்திலே ஒரு வாளி குளிர்ந்த நீரோடு. ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்தேதான். தலைவர் அவர்கள் மண்டபத்தைத் தருவதாய் வாக்களித்தால் போதும்.

தலையசைக்கிறார். நன்றி ஐயா.

வெந்நீர் இப்போது சரியான சூட்டில் இருக்கிறது. முன்வரிசையில் கைகட்டிக்கொண்டிருக்கும் மாமாமார் இருவர் மேடைக்கு வந்து கை கழுவி, நன்றாய்த் துடைத்து, ஈரமில்லாமல் துடைத்து, முதல் உருண்டையைத் தோய்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறேன். முட்கரண்டியில் ஏந்தி முக்கி, கிண்ண விளிம்பிலே இரண்டு தரம் மெல்லத் தட்டுங்கள், மிஞ்சியது வழியட்டும். தம்பி, அந்த எண்ணெய்க்கடதாசித் தட்டை இப்படித் தாரும்.